கைக்குள் அடங்கிய மைக்

கோயில் திருவிழாவானாலும் கல்யாண மண்டபமானாலும், மைக்செட் போடுகிறவர் மேடையேறுகிறவரிடம் முதலில் சொல்வது ஒன்றுதான்: "தம்பி, மைக்க மூடிப் பிடிக்காதீங்க." மூடினால் பேச்சு குழறும், அடுத்த நொடியே குழாய் ஸ்பீக்கர் ஊளையிடும். ப்ளூஸ் வாசிக்கும் மவுத் ஆர்கன்காரர் செய்வதெல்லாம் இதற்கு நேர்மாறு. இடது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மவுத் ஆர்கன். அதன் முதுகை ஒட்டினாற்போல் உருண்டைத் தலை கொண்ட ஒரு பழைய மைக். இரண்டையும் சேர்த்து, ஒரு சொட்டும் சிந்தாமல் தண்ணீரை ஏந்துவது போல, இரு கைகளும் மூடியிருக்கும். அந்தச் சின்ன அடைப்புக்குள் எழும் அழுத்தம் மைக்கின் தகட்டை அது தாங்கக்கூடிய எல்லைக்கே தள்ளிவிடுகிறது. ஆம்ப்ளிஃபயரின் முதல் வால்வு திணறுகிறது. பித்தளை நாக்குகளின் கீச்சுக் குரல் காணாமல் போய், சாக்ஸபோனுக்கும் மனிதத் தொண்டைக்கும் நடுவில் எங்கோ நிற்கிற கனத்த குரலொன்று ஸ்பீக்கரிலிருந்து வருகிறது.

கோலாலம்பூரின் செந்தூலில் வளர்ந்தவர்களுக்கு ஒலிபெருக்கி புதுச் சங்கதி இல்லை. தைப்பூசத்தை ஒட்டி, ஜாலான் துன் எச்.எஸ். லீ மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் கிளம்பி ஜாலான் ஈப்போ வழியாகப் பத்துமலைக்குப் போகும்போது, சாலையோரத் தண்ணீர்ப் பந்தல் ஒவ்வொன்றிலும் ஓர் ஆம்ப்ளிஃபயர் பாடிக்கொண்டிருக்கும். ஒரு பந்தலின் பாட்டு ஓயும் இடத்தில் அடுத்ததன் பாட்டு தொடங்குவதில்லை. ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் மருந்து விற்பவர், தேர்தல் வேன், சாவு வீட்டுக் கூடாரம், பிளாட்டுக்குக் கீழே நடக்கும் பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் மைக்செட். இத்தனை ஒலிபெருக்கிகளுக்கு நடுவே வாழ்ந்தும், அந்தப் பெட்டி ஒரு வாத்தியம் என்று எங்கள் வட்டாரத்தில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அது சத்தத்தைப் பெரிதாக்கும் சாமான். ஒழுங்காக வேலை செய்தால் அது இருப்பதே தெரியக்கூடாது, கரகரத்தால் பழுது. இந்த எண்ணத்தை என்னிடம் கலைத்துப் போட்டவர் லிட்டில் வால்ட்டர்.

மரியன் வால்ட்டர் ஜேக்கப்ஸ் என்பது அவர் இயற்பெயர். 1930இல் லூசியானாவில் பிறந்தவர். சிறு வயதிலேயே வீட்டை விட்டுக் கிளம்பித் தெருக்களில் வாசித்துப் பிழைத்து, 1940களின் நடுவில் சிகாகோ வந்து சேர்ந்தார். ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸின் குழுவில் வாசித்தார். 1952 மே 12ஆம் தேதி, வரிகளே இல்லாத 'ஜூக்' என்ற மெட்டைத் தன் பெயரில் பதிவு செய்தார். பில்போர்டின் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் அது 8 வாரம் முதலிடத்தில் இருந்தது. மவுத் ஆர்கன் மட்டுமே தலைமை தாங்கும் ஓர் இசைத்தட்டுக்கு அப்படியொரு இடம் அதற்கு முன்பும் கிடைத்ததில்லை, பின்பும் கிடைக்கவில்லை. மேலேறிப் போகும் ஒரு சின்னச் சங்கதி திரும்பத் திரும்ப வரும் அதன் தொடக்கத்தை யார் கேட்டாலும் அது விளையாட்டுச் சாமான் கடையில் வாங்கிய வாத்தியம் என்று நம்பமாட்டார்கள். பலமாக ஊதியதால் வந்த கனம் அல்ல அது. அவர் அலட்டிக்கொள்ளாமல், கிட்டத்தட்டப் பேசும் மூச்சில்தான் வாசிக்கிறார். கனம் மைக்கில் இருக்கிறது, வால்வில் இருக்கிறது, இரண்டையும் ஆளும் கைகளில் இருக்கிறது.

அந்த மைக்குகள் எவையும் இசைக்காகச் செய்யப்பட்டவை அல்ல என்பதுதான் என்னை இன்னும் விடாமல் பிடித்திருக்கும் விஷயம். ஒஹாயோவில் அஸ்டாட்டிக் நிறுவனம் செய்த ஜேடி-30, சிகாகோவில் தொடங்கிய ஷூர் நிறுவனம் 1949இல் வெளியிட்ட 520, இரண்டுமே பேச்சுக்கானவை. பொழுதுபோக்காக வானொலியில் பேசுபவர்கள், டாக்ஸி அனுப்பும் அலுவலகங்கள், அறிவிப்பு மேசைகள்: அவைதான் அவற்றின் வாழ்விடம். பச்சை நிறமும் தோட்டா வடிவமும் கொண்ட 520க்குக் காலப்போக்கில் 'கிரீன் புல்லட்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. பேச்சு புரிந்தால் போதும் என்பதால் கீழ்ச் சுருதியும் உச்சிச் சுருதியும் அவற்றில் சரியாக ஏறாது. நடுப்பகுதி மட்டும் முட்டிக்கொண்டு நிற்கும். பாடகருக்கு அது குறை. மவுத் ஆர்கனின் உயிர் அந்த நடுப்பகுதியிலேயே இருக்கிறது.

ஆம்ப்ளிஃபயர் கதையும் இப்படித்தான். தொடக்கத்தில் பலர் வாசித்தது மாஸ்கோ போன்ற நிறுவனங்களின் கூட்ட மேடைச் செட்டுகளில். இன்று மவுத் ஆர்கன்காரர்கள் கோயில் கட்டிக் கும்பிடும் ஃபெண்டர் பாஸ்மேன், 10 அங்குல ஸ்பீக்கர் நான்கு கொண்ட அந்தப் பெட்டி, பாஸ் கிட்டாருக்காகச் செய்யப்பட்டது. 'ஜூக்' பதிவானபோது அது பிறக்கவே இல்லை. வேறு யாருக்காகவோ செய்த கருவியை எடுத்துத் தனதாக்கிக்கொள்வதே இந்தக் கலையின் மரபு.

சிகாகோவின் மேக்ஸ்வெல் தெருச் சந்தையில் ஞாயிற்றுக்கிழமைகளில் இவர்கள் வாசித்தார்கள். பக்கத்து வீட்டிலிருந்தோ கடையிலிருந்தோ வயர் இழுத்து, மின்சாரத்துக்குக் காசு கொடுத்து, நடைபாதையில் ஆம்ப்ளிஃபயரை வைப்பார்கள். ராணுவத்தில் ஒலிபெருக்கி வழியே வாசித்துப் பழகி, போர் முடிந்து திரும்பியதும் தனக்கென ஒரு செட் வாங்கி அதே தெருவில் வைத்து வாசித்ததாக மவுத் ஆர்கன்காரர் ஸ்னூக்கி பிரையர் சொல்லியிருக்கிறார். மவுத் ஆர்கனை முதலில் ஒலிபெருக்கியில் வாசித்தவர் யார் என்ற வழக்கு தீராது, தீரவும் வேண்டாம். சந்தை இரைச்சலில் தன் குரல் கேட்கவேண்டும் என்ற தேவை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்தது.

அதே ஆண்டுகளில் மலாயாவில் ஒலிபெருக்கி யார் கையில் இருந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 வரை நீடித்தது. தகவல் இலாகாவின் வேன்கள் தோட்டங்களுக்கும் புதுக் கிராமங்களுக்கும் போய்ப் படம் காட்டின. அரசாங்கம் சொல்ல விரும்பியதைப் பல மொழிகளில் சொல்லின. 1950களில் டக்கோட்டா விமானங்களில் ஒலிபெருக்கிகளைக் கட்டி, காட்டுக்கு மேலே பறந்தபடி, உள்ளே இருந்த கம்யூனிஸ்ட் கொரில்லாக்களைச் சரணடையச் சொன்னார்கள். மரங்களுக்கு மேலிருந்து குரல் வரும். கீழிருந்து பதில் போகாது. லிட்டில் வால்ட்டர் ஓர் அறிவிப்பு மைக்கைக் கைக்குள் அடக்கி அதைச் சொந்தக் குரலாக்கிக்கொண்டிருந்த காலத்தில், நம் தாத்தாக்களுக்கு அந்தக் கருவி உத்தரவு வரும் வழியாகவே அறிமுகமானது. பிறகு கோயிலும் தொழிற்சங்கமும் கட்சியும் அதை வாங்கிக்கொண்டன. கை மாறியது. தூரத்துக்குக் கேட்க வேண்டும் என்ற ஒற்றை நோக்கம் மட்டும் மாறவில்லை.

செந்தூலுக்கும் சிகாகோவுக்கும் இன்னொரு ஒப்புமை உண்டு, அது தண்டவாளம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செந்தூலில் ரயில்வேயின் மையப் பட்டறை எழுந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் கொதிகலனிலும் தண்டவாளத்திலும் உழைக்க, யாழ்ப்பாணத்தவர் எழுத்தர்களாகவும் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் அமர, அந்தப் பட்டறையைச் சுற்றித்தான் ஊர் வளர்ந்தது. 1945இல் நேச நாடுகளின் பி-29 விமானங்கள் அதைக் குண்டுபோட்டு நொறுக்கின. மிஸிசிப்பியின் பருத்திக் காடுகளிலிருந்து கறுப்பின மக்கள் சிகாகோவுக்கு ஏறி வந்ததும் இலினாய் சென்ட்ரல் ரயிலில்தான். அவர்களுடைய மவுத் ஆர்கன் கற்ற முதல் வித்தை ரயிலைப் போல் ஓசையெழுப்புவது. 1927இல் டிஃபோர்ட் பெய்லி பதிவு செய்த 'பான் அமெரிக்கன் ப்ளூஸ்' ஒரு விரைவு ரயிலின் பெயரைச் சுமந்தது. புறப்பாடு, வேகம், ஊதல் எல்லாவற்றையும் ஒரே ஆள் மூச்சில் கொண்டுவந்தார். செந்தூல் பட்டறையில் வேலை செய்தவர்கள் யாராவது அப்படி வாசித்தார்களா என்பதற்குப் பதிவு ஏதும் நம்மிடம் இல்லை. அந்தப் பட்டறை நிலத்தில் மிஞ்சிய பழைய ரயில்வே கட்டடமொன்று 2005இல் கோலாலம்பூர் நிகழ்கலை மையமானது. இப்போது அங்கே நாடகம் நடக்கிறது.

எனக்குக் கிடைத்த ஜேடி-30 பெட்டாலிங் ஜெயாவில் வார இறுதிகளில் பழைய சாமான் விற்கும் சந்தையில் வாங்கியது. கூடு நன்றாக இருந்தது. முன்பக்கச் சல்லடையில் சின்ன நசுங்கல் மட்டும். செந்தூலில் என் பக்கத்து பிளாட்டில் ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் இருக்கிறார். வால்வு ரேடியோ பழுதுபார்க்கத் தெரிந்தவர். அவர் சமையலறை மேசையில் செய்தித்தாள் விரித்து, திருகுகளைக் கழற்றி, சல்லடையை எடுத்தார். உள்ளே அலுமினியத் தகடு ஒரு பக்கம் கிழிந்திருந்தது. அதற்குக் கீழே பளபளவென்ற படிகம் இருக்கவேண்டிய இடத்தில் ஈரத்தில் கசிந்து மறுபடி உறைந்த வெள்ளைப் பொருக்கு. விரலால் தொட்டதும் உதிர்ந்தது. "உப்பு தண்ணியா போச்சு தம்பி," என்றார்.

அவர் சொன்னது அப்படியே உண்மை. ஜேடி-30இன் உயிர் ரோஷெல் உப்பு: பொட்டாசியமும் சோடியமும் சேர்ந்த டார்ட்டரேட். ஒயின் பீப்பாய்களில் படியும் டார்ட்டரிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் பிரான்சின் லா ரோஷெல் நகரில் முதலில் எடுத்தார்கள். நெடுங்காலம் பேதி மருந்தாக விற்றது. 1880இல் ஜாக், பியேர் கியூரி சகோதரர்கள் அழுத்தினால் மின்சாரம் தரும் படிகங்களைக் கண்டறிந்தபோது அந்தப் பட்டியலில் இந்த உப்பும் இருந்தது. தகடு அதிரும், படிகம் வளையும், வளைந்த அளவுக்கு மின்னழுத்தம் பிறக்கும். நல்ல வலுவான மின்னழுத்தம். அதனால்தான் இடையில் எதுவும் இல்லாமல் நேராக ஆம்ப்ளிஃபயரில் செருகமுடிகிறது. ஆனால் இந்த உப்பு 55 டிகிரி வெப்பத்தில் சிதையும்; காற்றில் ஈரம் மிஞ்சினால் கரையும். கோலாலம்பூரில் காற்றின் ஈரப்பதம் விடியற்காலையில் பெரும்பாலும் 90 சதவீதத்தைத் தாண்டும். மதியம் வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் மிச்சத்தை வெப்பம் பார்த்துக்கொள்ளும். சிகாகோவின் குரல் நம் தட்பவெப்பத்தில் கரைந்துபோகும் பொருளால் ஆனது. எங்கள் பக்கத்தில் வாசிக்க நினைப்பவருக்கு நான் சொல்வது: காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட ஷூர் வகையை வாங்குங்கள். அது ஈரத்துக்கு அஞ்சாது. படிகத்தின் அந்த எண்ணெய் தடவிய கூர்மை அதில் வராதுதான். ஆனால் பத்து ஆண்டுகள் கழித்தும் பேசும்.

மவுத் ஆர்கனின் சங்கதிகளுக்கு இந்த மைக் ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்பதற்குத் தமிழ்க் காது ஒரு விடை தரும். ஹார்மோனியமும் மவுத் ஆர்கனும் ஒரே குடும்பம்; இரண்டிலும் காற்றில் துடிக்கும் பித்தளை நாக்கு. சுரங்கள் கட்டையில் ஆணியடித்தது போல நிற்கும், கமகம் வராது என்பதால் ஹார்மோனியத்துக்கு அகில இந்திய வானொலி 1940இல் விதித்த தடை 1971 வரை நீடித்தது. அதே வகை நாக்கு, 1896இல் ஹோனர் வெளியிட்ட மரைன் பேண்டில், 10 துளைக்குள் 20 நாக்காக உட்கார்ந்ததும் வளைகிறது. ஒவ்வொரு துளையிலும் ஊதும் நாக்கு ஒன்று, உறிஞ்சும் நாக்கு ஒன்று. வாய்க்குள் நாவின் நிலையை மாற்றி, தொண்டையின் வெளியைக் கூட்டிக் குறைத்து, உறிஞ்சும் நாக்கின் சுரத்தைக் கீழே இழுக்கலாம். இழுக்க இழுக்கப் பக்கத்து நாக்கும் துடிக்கத் தொடங்கி அதைத் தாங்கிப் பிடிக்கும். சி கட்டை வாத்தியத்தின் மூன்றாம் துளையில் பி சுரத்திலிருந்து மூன்று அரைச்சுரம் வரை இறங்கலாம், இடையில் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். அதனால் ப்ளூஸ்காரர்கள் சி வாத்தியத்தை ஜி சுருதியில் வாசிக்கிறார்கள்: வளையும் சுரங்கள் அங்கேதான் ராகத்தின் முக்கிய இடங்களில் விழும். மூச்சை வெளியே விடுவதைவிட உள்ளே வாங்கும்போதுதான் பாட்டு பிறக்கிறது.

இந்தச் சறுக்கல்கள் எல்லாம் மிகச் சின்ன ஓசைகள். மைக் இல்லாத மேடையில் அவற்றைக் கேட்கவைக்கப் பலமாக ஊதவேண்டும். பலமாக ஊதினால் வளைவு கைநழுவும். திணறும் வால்வு இங்கே உதவுகிறது. மெல்லிய சுரத்தைத் தூக்குகிறது, பெரிய சுரத்தை அமுக்குகிறது. வால்வு வைத்த பழைய பவர் சப்ளை பாரம் ஏறும்போது கொஞ்சம் தொய்ந்து, மறுபடி எழும். இதனால் ஒரு சுரம் சாகும்வரை காதுக்குப் பக்கத்திலேயே இருக்கும். கையை ஒரு விரற்கடை திறந்தால் உச்சி ஓசை வெளியேறும், மூடினால் இருளும். திறக்கும் அந்தக் கணத்தில்தான் ஊளை காத்திருக்கிறது. அதைத் தள்ளிப்போட ஒரு வேலை செய்வார்கள்: முதல் இடத்தில் இருக்கும் 12ஏஎக்ஸ்7 வால்வைக் கழற்றி, 12ஏஒய்7 அல்லது 12ஏயூ7 போடுவார்கள். முதலாவதன் பெருக்கத் திறன் 100, இரண்டாவதற்கு 44, மூன்றாவதற்கு 20க்குக் கிட்டே. சத்தத்தைப் பெரிதாக்கவென்று செய்த கருவியில் பெருக்கத்தைக் குறைப்பதற்குக் காசு செலவு செய்கிற ஒரே இசைக்கூட்டம் இவர்கள்தான் என்று நினைக்கிறேன். அந்த இடத்தில் எனக்கு இவர்கள்மீது பெரும் மரியாதை வருகிறது.

நம்மிடம் அப்படியொரு கவனம் இருந்ததில்லை என்று சொல்லமாட்டேன். மைக் வராத காலத்தில் நாடக மேடையில் கிட்டப்பா பாடிய சுருதி கொட்டகையின் கடைசி வரிசைக்காக. மைக் வந்தபின் குரல் கீழே இறங்கிற்று, மூச்சுக்குள் பாட முடிந்தது, நுணுக்கம் கூடிற்று. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை, நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியோடு சேர்ந்து, உயர்ந்த சுருதித் திமிரி நாயனத்தை விட்டு, நீளமான, தாழ்ந்த சுருதிப் பாரி நாயனத்தை உருவாக்கினார். கருவியே கலைஞனின் காதுக்கு இணங்கவேண்டும் என்ற பிடிவாதம் அது. ஆனால் இன்று கிள்ளானிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போனால், நாயனத்தின் அணைசுக்கு நேர் எதிரே ஒரு மைக், தவிலின் இரு பக்கமும் இரண்டு. கோபுர வாசலுக்குக் கேட்கப் பிறந்த வாத்தியத்துக்குக் குளிர்சாதன அறையில் மைக் எதற்கு? அந்த மைக்கை நாயனக்காரர் வேண்டிப் பெறவில்லை. அவர் விரலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. யாரோ வைத்தார்கள், யாரோ ஏற்றி இறக்குகிறார்கள். அது கேட்கத் துன்பமாக இருப்பதற்கு நாயனம் காரணம் இல்லை.

கைக்கும் மைக்குக்கும் தொடர்பு மிச்சமிருப்பது உறுமி மேளக்காரர்களிடம். தைப்பூசத்தில் அவர்கள் தள்ளுவண்டியில் பேட்டரி ஸ்பீக்கர் வைத்துக்கொண்டு காவடிக்கு முன்னால் பாடிப் போவதைப் பலர் இரைச்சல் என்கிறார்கள். நான் அவர்களில் பாடுகிறவரின் கையைத்தான் பார்ப்பேன். அடி ஏறும்போது மைக்கின் தலையை உள்ளங்கையால் பாதி மூடுவார். குரல் உடைந்து, உறுமியின் முனகலோடு ஒன்றாகும். வரி முடியும்போது விரல்களை விடுவார். சொல்லிக்கொடுத்தவர் யாரும் இல்லை. அந்த வண்டி ஸ்பீக்கர் எங்கே கிழியும், எவ்வளவு கிழிந்தால் கூட்டம் ஆடும் என்பது அவருக்குத் தெரியும். லிட்டில் வால்ட்டருக்குத் தெரிந்ததும் இதுதான்.

என் பழைய கூட்டுக்குள் பக்கத்து பிளாட்காரர் ஒரு காந்த எலிமெண்ட்டைப் பொருத்திக் கொடுத்தார். ஜாலான் பாசார் கடைகளில் ரப்பர் வளையமும் வயரும் வாங்கினோம். 5 வாட் வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்று, ஒற்றை ஸ்பீக்கர். பிளாட்டில் அதற்குமேல் தேவையில்லை, முழுதாகத் திருப்பினால்தான் அது திணறும், திணறினால்தான் பேசும். உறுமிக் குழுவில் பாடும் ஒரு பையன், என் தூரத்து உறவு, வீட்டுக்கு வந்திருந்தபோது அந்த மைக்கை எடுத்துப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. இரு கையாலும் மூடி, வாயோடு ஒட்டி, ஒரு காவடிப் பாட்டின் முதல் வரியைப் பாடினான். சொற்கள் பாதி மங்கிப்போய்க் குரல் மட்டும் தடித்து நின்றது. இரண்டு முறை கையைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "மாமா, இதுல எக்கோ போடலாமா?"

போடலாம் என்றேன். செஸ் நிறுவனத்துக்கு வால்ட்டர் செய்த பதிவுகளிலும் எக்கோ உண்டு. அவற்றை அவனுக்குப் போட்டுக் காட்டினேன். அடுத்த வாரம் தன் குழுவின் எக்கோ பெட்டியைக் கொண்டுவருகிறான். ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்பதில்தான் எங்களுக்குள் இன்னும் சண்டை. முன்னால் வைத்தால் எதிரொலியும் சேர்ந்து வால்வில் கிழியும். எனக்கு அதுதான் பிடிக்கும். அவனுக்கு எதிரொலி சுத்தமாக வேண்டுமாம்.